மஸ்ஜித் இந்தியாச் சாலையும் நகரத் திட்டமிடலும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நம் தோட்டப்புற மக்களுள் பலர் புத்தாடையும் பிற பொருள்களும் வாங்கக் கோலாலம்பூருக்குச் செல்வது வழக்கம். அவர்களுள் பெரும்பாலோர் சென்று சேருமிடம் மஸ்ஜித் இந்தியாச் சாலையாகும். சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் பாத்திரக் கடைகளும் பூ விற்போரும் உணவகங்களும் நிறைந்த அச்சாலை ஒரு மைல் நீளங்கூட இல்லாதது. அங்கு நடந்து செல்லும்போது நம் கண் கடைகளின் மீதே பதிந்திருக்கும். அது இயல்பே. ஆயினும் ஒருமுறை தலை நிமிர்ந்தும் ஒருமுறை தலை குனிந்தும் பார்ப்போமாயின் சில வினாக்கள் எழும். கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டடங்கள் அமைந்திருப்பது ஏன்? பழைய கடைகளின் முன்னால் வெயிலும் மழையும் படாத நடைபாதை விடப்பட்டிருப்பது ஏன்? கொட்டும் மழைநீர் எங்கே செல்கிறது? ஒரு புதிய கட்டடம் எழுமாயின் அது பத்து மாடியா, நாற்பது மாடியா என்று கூறுபவர் யார்?

இவை எல்லாம் தாமாக அமைந்தவை அல்ல. ஓரிடத்து நிலத்தை எதற்கு, எவ்வளவு, எந்த முறையில் பயன்படுத்துவது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து வரையறுக்கும் கலை நகரத் திட்டமிடல் எனப்படும். அக்கலை நமக்குப் புதியதன்று. கடலோடிகளும் வணிகரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம் ஒருபுறமும், அரசரும் பெருங்குடி மக்களும் வாழ்ந்த பட்டினப்பாக்கம் மறுபுறமும், இரண்டுக்குமிடையே நாளங்காடியுமாகப் பூம்புகார் அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இக்காலத்தில் அக்கலையைப் பல்கலைக்கழகத்தில் பயின்று தொழிலாகச் செய்வோரையே நகரத் திட்டமிடுநர் என்கிறோம்.

நில அளவையாளர் நிலத்தை அளப்பவர். கட்டடக் கலைஞர் ஒரு கட்டடத்தின் உருவத்தை வரைபவர். பொறியாளர் அது விழாமல் நிற்கச் செய்பவர். திட்டமிடுநரோ அக்கட்டடம் அவ்விடத்தில் வரலாமா, வந்தால் அண்டை வீட்டாருக்கும் சாலைக்கும் ஆற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யாது நேரும் என்பதை எண்ணிப் பார்ப்பவர். அவர் ஆலோசனை கூறுபவரேயன்றி முடிவு செய்பவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முடிவு செய்வது நகராண்மைக் கழகமோ, மாநகர் மன்றமோ, மாநில அரசோதான்.

தோட்டத் தொழிலாளருக்கு இதனை விளக்குவது எளிது. பழைய இரப்பர் மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்யும்போது கன்றுகளைக் கண்ட இடத்தில் ஊன்றிவிடுவதில்லை. முதலில் நிலம் அளக்கப்படுகிறது. மேட்டு நிலமாயின் சரிவைக் குறுக்கே வெட்டிப் படிகள் அமைக்கப்படுகின்றன. கான்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும், லாரி வரும் பாதை எது, பால் சேகரிக்கும் இடம் எது என்பதெல்லாம் கன்று வருமுன்பே முடிவாகின்றன. நிரை கோணலாக அமைந்தால் அக்கோணலை அந்த மரங்கள் நிற்கும் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளும் பால்வெட்டுவோர் சுமக்க வேண்டியதுதான். நகரத்தின் கோணலோ நூறு ஆண்டுகளுக்கும் நீடிக்கும். மரத்தை வெட்டி மறுநடவு செய்யலாம். மக்கள் குடியிருக்கும் தெருவை அவ்வாறு செய்ய இயலாது.

கோலாலம்பூர் முதலில் திட்டமின்றியே தோன்றிய ஊர். 1857-ஆம் ஆண்டளவில் ஈயம் தேடி ஆற்றின் வழியே வந்தோர் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கினர். அவ்விடத்தைச் சுற்றியே கடைகளும் குடிசைகளும் எழுந்தன. இன்றைய மஸ்ஜித் இந்தியா அந்த ஆற்றுச் சந்திக்கு மிக அருகில் உள்ளது. இந்திய முஸ்லிம்கள் 1863-இல் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசலே அவ்வட்டாரத்துக்குப் பெயர் தந்தது. இப்போதுள்ள கட்டடம் 1960-களில் கட்டப்பட்டது. சற்றுத் தொலைவில், ஆறுகள் கூடும் முனையிலேயே, 1909-இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிறது.

அக்காலத்து வீடுகள் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. ஒன்றையொன்று ஒட்டி நின்றவை. 1881 ஜனவரியில் மூண்ட தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டுமென்று விதித்தார். தெருக்களும் அகலப்படுத்தப்பட்டன. அவ்விதியால் செங்கல்லுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. சூளைகள் பெருகிய இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. ஓர் ஆணை ஓர் ஊரின் உருவத்தை மாற்றியதோடு, அடுத்த ஊரின் பெயரையும் உண்டாக்கியது.

கடைகளின் முன்னுள்ள நடைபாதைக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு. 1822-இல் சிங்கப்பூருக்கு ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையுடன் கூடிய நடைபாதை தொடர்ச்சியாக விடப்பட வேண்டுமென்ற விதி இருந்தது. அதன் அகலம் ஐந்தடி எனக் கொள்ளப்பட்டதால் மலாய் மொழியில் காக்கி லீமா என்றாயிற்று. நம்மவர் நாவில் அஞ்சடி என்றாயிற்று. நிலம் கடைக்காரருடையது, ஆயினும் நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த இவ்வொரு விதி இன்றும் நம்மை மழையிலிருந்து காக்கிறது. அதில் சரக்குகளைக் குவித்து வழியை அடைக்கும் கடைக்காரர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தால் நன்று.

1890-இல் கோலாலம்பூரில் சுகாதார வாரியம் அமைக்கப்பட்டது. குப்பை அகற்றுவதும் சாக்கடை அமைப்பதும் கட்டடங்களுக்கு அனுமதி வழங்குவதும் அதன் பணிகள். நகர நிர்வாகம் சுகாதாரத்திலிருந்து தொடங்கியது தற்செயலன்று. காய்ச்சலும் பேதியும் பணக்காரர் வீடு, ஏழை வீடு என்று பார்ப்பதில்லை. ஒரு வீட்டின் கழிவு அடுத்த வீட்டுக் கிணற்றில் சேர்ந்தால் துன்பம் இரு வீட்டுக்கும்தான். ஆகவே தன் நிலத்தில் தான் விரும்பியதைச் செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு என்னும் கருத்து முதலில் சாக்கடையின் வாயிலாகவே சட்டத்தில் நுழைந்தது.

மலாயாவில் நகரத் திட்டமிடலைத் தனித் துறையாக நிறுவியவர் சார்ல்ஸ் ரீட் என்பவர். நியூசிலாந்தில் பிறந்து, தென் ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த அவர், 1921-இல் இணைந்த மலாய் மாநிலங்களின் அரசாங்க நகரத் திட்டமிடுநராக வந்தார். வீடு, தோட்டம், தொழிற்கூடம், திறந்தவெளி ஆகியவை ஒன்றோடொன்று பொருந்திய பூங்கா நகரம் என்னும் கொள்கையில் ஊறியவர் அவர். 1923-இல் நகரத் திட்டமிடல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், தம் நிலத்தின் மீது அரசாங்கம் கைவைப்பதா என்று நில உடைமையாளர்கள் எதிர்த்தனர். 1927-இல் அச்சட்டம் சுகாதார வாரியச் சட்டத்தின் ஒரு பகுதியாகச் சுருங்கியது. பொதுநலனுக்கும் தனியார் உடைமைக்கும் இடையிலான இந்த இழுபறி அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை.

இனி, தலை குனிந்து பார்க்க வேண்டியதைக் காண்போம். 2024 ஆகஸ்டு 23-ஆம் நாள் காலை மஸ்ஜித் இந்தியாச் சாலையின் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த பெண்மணி ஒருவர் ஏறத்தாழ 8 மீட்டர் ஆழமுள்ள அக்குழியில் வீழ்ந்தார். மீட்புப் படையினர் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களில் இறங்கித் தேடினர். தேடுதல் பந்தாய் டாலாமில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வரை சென்றது. ஒன்பது நாள்களுக்குப் பின்னர், 31-ஆம் நாள், அது நிறுத்தப்பட்டது. அவர் கிடைக்கவில்லை. இடையில், முதல் குழிக்குச் சற்றுத் தொலைவில் இரண்டாவது குழியும் தோன்றியது.

நாம் நடக்கும் சாலை தடித்த தரையன்று. அது ஒரு மூடி போன்றது. அதன் கீழே குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர்க் கான், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எனப் பலவும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிறுவனங்களால் புதைக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கும் கீழே ஆற்று வண்டலும், அதனடியில் சுண்ணாம்புப் பாறையும் உள்ளன. தைப்பூசத்தன்று நாம் ஏறும் பத்துமலை எவ்வகைக் கல்லோ, கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும் அவ்வகைக் கல்லே கிடக்கிறது. சுண்ணாம்புக்கல்லை நீர் மெல்ல மெல்லக் கரைக்கும். பத்துமலையில் அவ்வாறு கரைந்த இடத்தைக் குகையென்று வணங்குகிறோம். நகரத்தின் அடியில் அதே குகைகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. புதைந்த குழாயொன்று கசிந்தாலும் போதும், சுற்றியுள்ள மண் சிறிது சிறிதாகக் கரைந்து வெற்றிடம் உண்டாகக்கூடும். ஆகவே நிலத்தின் மேல் வரைபடம் வரைவது மட்டும் திட்டமிடலாகாது. எந்தக் குழாய் எங்கே, எத்தனை ஆண்டுப் பழைமையுடையது, மேலே எழும் கட்டடங்களின் கழிவை அது தாங்குமா என்னும் கணக்கும் திட்டமிடுநரின் மேசையில் இருத்தல் வேண்டும்.

ஆற்றின் கதையும் இத்தகையதே. 1926-இலும் 1971-இலும் கோலாலம்பூர் பெருவெள்ளத்தில் மூழ்கியது. மேற்புறத்தில் காடும் தோட்டமும் இருந்தவரை மழைநீரின் ஒரு பகுதியை மண் உறிஞ்சிக்கொண்டது. தாரும் சிமெண்டும் நிலத்தை மூடியபின் அந்நீர் முழுவதும் கானுக்கும், கானிலிருந்து ஆற்றுக்கும் விரைந்தது. ஆறுகள் கூடுமிடமாகிய மஸ்ஜித் ஜாமெக் வட்டாரமே அதனைத் தாங்க வேண்டியதாயிற்று. வெள்ளத்தை நகரின் நடுப்பகுதிக்கு வருமுன்னரே திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் தோண்டப்பட்டு 2007-இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் மழையில்லா நாள்களில் வாகனங்கள் ஓடுகின்றன. பெருமழையின்போது வாகனங்களை வெளியேற்றிவிட்டு நீரை விடுகின்றனர். அரிய பொறியியல் சாதனைதான். எனினும், ஆற்றோரத்தில் போதிய வெற்றிடத்தை முதலிலேயே விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு இதனினும் மிகக் குறைவு.

திட்டங்கள் எவ்வாறு எழுதப்படுகின்றன? தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும், கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டமும் உள்ளன. முதலில் வருவது அமைப்புத் திட்டம். மக்கள்தொகை எவ்வளவு பெருகும், எப்பக்கம் வீடுகள், எப்பக்கம் தொழிற்சாலைகள், இரயில் எவ்வழி என்னும் பொதுக் கொள்கைகளை அது கூறும். கோலாலம்பூரின் முதல் அமைப்புத் திட்டம் 1984-இல் வெளிவந்தது; 2040-ஆம் ஆண்டை நோக்கிய திட்டம் 2023-இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. அடுத்து வருவது உள்ளூர்த் திட்டம். இது ஒவ்வொரு நிலத் துண்டையும் காட்டும் வரைபடம். குடியிருப்பு, வாணிபம், தொழில், திறந்தவெளி என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருக்கும். கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்டம் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. மலாய் அறிவிப்புகளில் இவ்விரண்டும் ரஞ்சாங்கான் அல்லது பெலான் ஸ்ட்ரக்டர் என்றும், ரஞ்சாங்கான் அல்லது பெலான் தெம்பாத்தான் என்றும் காணப்படும். இச்சொற்களை நினைவில் கொள்வது பயன்தரும்.

கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பதை நிலப்பரப்பு விகிதம் கூறுகிறது. ஒருவரிடம் 10,000 சதுர அடி நிலம் இருக்கிறது. விகிதம் நான்கு எனக் கொள்வோம். அவர் எல்லா மாடிகளையும் சேர்த்து 40,000 சதுர அடி வரை கட்டலாம். விகிதத்தை எட்டாக உயர்த்தினால் அதே மண்ணில் இருமடங்கு கட்டலாம். நிலத்தின் விலையும் அதற்கேற்ப ஏறும். ஆயின் சாலையின் அகலமும் கழிவுநீர்க் குழாயின் விட்டமும் அவ்வாறு தாமே ஏறுவதில்லை. வரைபடத்தில் ஓர் எண்ணை மாற்றுவது எவ்வளவு பெரிய செயல் என்பது இப்போது விளங்கும்.

இவையெல்லாம் பட்டணத்தாரின் கவலை, தோட்டத்தில் வாழும் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்கள் எவற்றின் மீது நிற்கின்றன? பெட்டாலிங் ஜெயா 1950-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,200 ஏக்கர் கொண்ட எபிங்ஹாம் இரப்பர் தோட்டத்தில் எழுந்தது. கோலாலம்பூரின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டி, செக்‌ஷன் செக்‌ஷனாகப் பிரித்துப் பள்ளி, கடை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றுடன் வகுக்கப்பட்ட துணைநகரம் அது. சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தில். 1990-களில் கூட்டரசு நிர்வாகத் தலைநகராகிய புத்ராஜெயாவுக்கு இடந்தந்தது பிராங் புசார் தோட்டம். அங்கு வாழ்ந்த தொழிலாளர்கள் டிங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தனர். ஒரு தோட்டத்தின் தலைவிதி, தொழிலாளிக்குக் கடிதம் வரும் நாளில் எழுதப்படுவதில்லை. வேளாண்மை நிறத்தில் இருந்த நிலம் வரைபடத்தில் குடியிருப்பு நிறமாகவோ தொழில் நிறமாகவோ மாறும் நாளிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது.

புக்கிட் கியாரா இதற்குத் தக்க சான்றாகும். இரப்பர் தோட்டமாக இருந்த அந்நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், அங்கு வேலை செய்தவர்கள் 1982 முதல் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியிருந்தனர். நிரந்தர வீடு வரும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி. ஆண்டுகள் பல சென்றன. அருகிலுள்ள ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில், அக்குடும்பங்களுக்கான வீடுகளையும் விலையுயர்ந்த பல அடுக்குக் குடியிருப்புகளையும் ஒருங்கே கட்டும் திட்டத்துக்கு 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. பூங்காவைக் காக்க வேண்டுமென்று அண்டைக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வனுமதியை நீக்கியது. 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. அமைப்புத் திட்டம் சட்ட மதிப்புடைய ஆவணம். அதிலிருந்து விலகுவதாயின் டத்தோ பண்டார் காரணம் கூற வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பூங்கா காக்கப்பட்டது நன்றே. ஆனால் பூங்கா ஒருபுறமும் தோட்டத் தொழிலாளரின் வீடு மறுபுறமுமாக எதிரெதிரே நிறுத்தப்படும் நிலை வந்திருக்கவே கூடாது என்பது நம் கருத்து. தோட்டம் எடுக்கப்பட்ட நாளிலேயே அக்குடும்பங்களுக்குரிய நிலம் வரைபடத்தில் ஒரு நிறத்துடன் குறிக்கப்பட்டிருந்தால், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் பேச வேண்டிய தேவை இராது. திட்டமிடுநரின் பணியில் முதன்மையானது, எவர் அங்கே வாழ்கிறார் என்பதை முதலில் எண்ணுவதே.

சட்டம் மக்களுக்குச் சில வாய்ப்புகளை அளித்துள்ளது. அவற்றுள் ஒரு நுட்பம் தோட்ட மக்கள் அறிந்திருக்க வேண்டியது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால், 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்புச் செல்லும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உரிமையாளர் என்னும் சொல்லைக் கவனியுங்கள். லயத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர் நிலத்தின் உரிமையாளர் அல்லர். அவ்வறிவிப்பு அவர் வீட்டுக்கு வராது. தோட்ட நிறுவனத்தின் அலுவலகத்துக்கே செல்லும்.

உள்ளூர்த் திட்டத்தின் நகல் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலம் அத்தகையதன்று. அப்போது நிலம் உடையவரும் இல்லாதவரும் வரைவைப் பார்வையிட்டுக் கருத்துக் கூறலாம், ஆட்சேபிக்கவும் செய்யலாம். நாளிதழ்களில் அறிவிப்பு வரும். நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ வரைபடம் தொங்கவிடப்பட்டிருக்கும். சில வாரங்களே அவகாசம் உண்டு. அங்கே செல்வோர் முதலில் தம் தோட்டத்தை வரைபடத்தில் கண்டுபிடித்து, அதன் மீது என்ன நிறம் இடப்பட்டிருக்கிறது என்று மூலையிலுள்ள விளக்கக் குறிப்புடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு லயம், தமிழ்ப்பள்ளி, கோயில், இடுகாடு, திடல் ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத கோயிலும் இடுகாடும் பின்னர் வருவோர் கண்ணுக்கு வெறும் நிலமாகவே தோன்றும். புரியாதவற்றை அங்குள்ள அதிகாரியிடம் தயங்காமல் கேட்கலாம். விளக்கிச் சொல்வது அவருடைய கடமை.

ஆட்சேபக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்தின் பெயர், நிலத்தின் லாட் எண், அங்கு வாழும் குடும்பங்களின் எண்ணிக்கை, எதனை ஆட்சேபிக்கிறோம், அதற்கு ஈடாக எதனைக் கேட்கிறோம் என்னும் ஐந்தும் இருந்தால் போதும். தனியாக எழுதத் தயங்குவோர் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையின் வழியாகவோ, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகவோ எழுதலாம். நேரில் விளக்கமளிக்க விரும்பினால் அதனையும் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். அவ்வாறு கேட்டவர்களையே விசாரணைக் குழு அழைக்கும். கடிதத்தின் நகலொன்றில் அலுவலகத்தின் முத்திரையையும் தேதியையும் இட்டு வாங்கிக்கொண்டு, விசாரணை நாள்வரை அதனைப் பத்திரமாக வைத்திருங்கள்.